சாகத் தகுந்தவர் யார் என்று நீதிமன்றத்துக்குத் தெரியுமா?

கேள்வி இது: "கொடூரமான கொலைகளுக்கும் பயங்கரவாதத்துக்கும் மரண தண்டனை இருந்தே தீர வேண்டும் என்கிறார்கள் சிலர், சட்டப் புத்தகத்திலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்தையும் எடைபோட்டு, இந்தியாவுக்கு எது சரி என்று சொல்ல முடியுமா?"

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் ஒழிப்புக் கோரிக்கையாளர்கள் வழக்கமாக அடுக்கும் காரணங்களில் பாதி எனக்கு ஏற்புடையவை அல்ல. எதிர்த்தரப்பு சொல்லும் காரணங்களில் ஒன்று உண்மையிலேயே வலுவானது. அதிலிருந்து தொடங்குவதுதான் முறை.

ஒரு குழந்தையைச் சித்திரவதை செய்து கொன்றவனைப் பார்த்து "இவன் உயிரோடு இருக்கக் கூடாது" என்று ஊரே சொல்கிறது. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அந்தக் கோபத்துக்குள் ஒரு நியாயக் கணக்கு இருக்கிறது: செய்தது எவ்வளவோ, பெறுவதும் அவ்வளவாக இருக்க வேண்டும். ஜெர்மானியத் தத்துவ அறிஞர் இமானுவேல் காண்ட் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கணக்கை அதன் எல்லைவரை கொண்டுபோனார். ஒரு தீவில் வாழும் மக்கள் சமூகத்தைக் கலைத்துவிட்டு ஆளுக்கொரு திசையாகப் போக முடிவெடுத்தாலும், கிளம்புவதற்கு முன் சிறையில் இருக்கும் கடைசிக் கொலைகாரனுக்கு மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டே போக வேண்டும் என்றார். அந்தத் தீவில் இனி யாரையும் அச்சுறுத்தவும் வேண்டாம், யாரையும் காக்கவும் வேண்டாம். இருந்தும் கடன் பாக்கி என்பது அவர் கட்சி. இதைப் புள்ளிவிவரத்தால் முறியடிக்க முடியாது. பயன் உண்டா இல்லையா என்ற பேச்சே அதில் இல்லை.

"கொலைக்குக் கொலை என்றால் அரசும் கொலைகாரன்தானே" என்ற பதில் மேடையில் கைதட்டல் வாங்கும், வாதமாக நிற்காது. ஆளைக் கடத்தி அடைத்துவைத்தவனை அரசு சிறையில் அடைக்கிறது. அதனால் அரசு கடத்தல்காரன் ஆகிவிடுவதில்லை. செயல் ஒன்றாகத் தெரிந்தாலும் அதிகாரமும் காரணமும் வேறு. ஆகவே "கொல்வதே தவறு" என்ற ஒற்றை வரியோடு இந்த விவாதத்தை முடித்துவிடுகிறவர்களோடு நான் இல்லை.

அடுத்த வாதம் அச்சம். தூக்குக் கயிறு இருந்தால் கொலை குறையும் என்பது. பொதுமக்கள் பேச்சில் இதுதான் முதலில் வரும். ஆனால் இருப்பதிலேயே பலவீனமான வாதமும் இதுதான். 1975இல் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஐசக் எர்லிக், ஒரு மரண தண்டனை ஏறக்குறைய எட்டுக் கொலைகளைத் தடுக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதன் பிறகு ஆதரவாகவும் எதிராகவும் ஆய்வுகள் குவிந்தன. 2012இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அவற்றையெல்லாம் பரிசீலித்துவிட்டு, மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, எதுவும் செய்யவில்லையா என்பதை இந்த ஆய்வுகளைக் கொண்டு சொல்லவே முடியாது, கொள்கை முடிவுகளுக்கு இவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவிட்டது. கனடா 1976இல் மரண தண்டனையை நீக்கியது. அதன் பிறகு அங்கே கொலை விகிதம் ஏறவில்லை, காலப்போக்கில் இறங்கியது. நீக்கியதால் இறங்கியது என்று சொல்ல வரவில்லை. நீக்கினால் ஏறும் என்ற பயம் அங்கே பலிக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் நாட்டுக் கணக்கு இன்னும் தெளிவு. 1992இல் இந்தியாவில் லட்சம் பேருக்கு 4.6 கொலைகள், 2013இல் 2.7. இந்த இறக்கத்தின் பெரும்பகுதியில் தூக்கு மேடைகள் காலியாகவே கிடந்தன. 2000க்குப் பிறகு நாடு முழுவதும் தூக்கிலிடப்பட்டவர்கள் எட்டுப் பேர்: 2004, 2012, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் ஒவ்வொருவர், 2020 மார்ச் 20 அன்று, 2012இல் நடந்த டெல்லி மாணவி (நிர்பயா) கூட்டு வன்புணர்வு, கொலை வழக்கில் நால்வர். ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பதாயிரம் கொலைகள் நடக்கும் நாட்டில் இந்த எட்டைப் பார்த்து எவன் கத்தியைக் கீழே போடுவான்? "அப்படியானால் இன்னும் நிறையப் பேரைத் தூக்கிலிடுங்கள்" என்பது இதற்கு வரும் வழக்கமான பதில். பயமுறுத்துவது தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயம்தான் என்று இத்தாலியின் செசாரே பெக்காரியா 1764இலேயே எழுதினார். கொலை வழக்குகளில் பாதிக்குக் குறைவாகவே தண்டனையில் முடியும் நாட்டில், குற்றவாளி கயிற்றைக் கணக்கில் எடுப்பதற்கு முன்பே "மாட்ட மாட்டேன்" என்ற கணக்கைப் போட்டு முடித்துவிடுகிறான்.

அச்ச வாதம் நேரடித் தீங்கு செய்யும் இடமும் ஒன்று உண்டு. 2018இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வன்புணர்வு செய்தால் மரண தண்டனை வரை விதிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய குற்றங்களில் மிகப் பெரும்பாலானவற்றைச் செய்பவர்கள் குழந்தைக்குத் தெரிந்தவர்கள்: சித்தப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர். புகார் கொடுத்தால் அவருக்குத் தூக்கு என்றால் எத்தனை வீடுகள் வாயைத் திறக்கும்? வன்புணர்வுக்கும் கொலைக்கும் ஒரே தண்டனை என்றால், சாட்சி சொல்லக்கூடிய குழந்தையை உயிரோடு விட்டுவைக்க அவனுக்கு என்ன காரணம் மிஞ்சும்? 2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பிறகு, நாடே கொதித்துக் கொண்டிருந்த நேரத்தில் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, வன்புணர்வுக்கு மரண தண்டனையைப் பரிந்துரைக்கவில்லை.

"ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு வருடத்தில் வெளியே வந்துவிடுவான்" என்ற கவலை நியாயமானது, ஆனால் பழையது. 2008இல் சுவாமி சிரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழியைக் கண்டது. தண்டனைக் குறைப்பே கிடையாது என்ற நிபந்தனையோடு, தேவைப்பட்டால் வாழ்நாள் முழுவதற்கும் ஒருவரைச் சிறையில் வைக்கலாம். 2015இல் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. அது ஸ்ரீஹரன் வழக்கு, ராஜீவ் கொலை வழக்கிலிருந்து கிளைத்தது. ஆகவே ஒருவனைச் சமூகத்திலிருந்து விலக்கி வைக்க அவனைக் கொன்றாக வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. சிறையில் சோறு போடும் செலவைப் பற்றிய வாதத்துக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. சோற்றுக் கணக்கில் உயிரை எடுக்கும் அரசு யாருக்கும் வேண்டாம்.

இன்னொரு வாதம்: அரசு தூக்கிலிடாவிட்டால் மக்களே சட்டத்தைக் கையில் எடுப்பார்கள். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே ஒரு கால்நடை மருத்துவர் கொல்லப்பட்ட வழக்கில் கைதான நால்வரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸ்காரர்கள் மேல் பூத்தூவினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம், அந்தச் சுடுதல் கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே நடத்தப்பட்டது என்று அறிக்கை கொடுத்தது. கவனியுங்கள், இது நடந்தது மரண தண்டனை நடைமுறையில் இருக்கும் நாட்டில். கயிறு இருப்பது அந்தப் பசியை அடக்கவில்லை. விசாரணை இழுத்துக்கொண்டே போகும், முடிவு வராது என்ற விரக்திதான் அந்தப் பூக்களைத் தூவ வைத்தது. அதற்கு மருந்து விரைவான விசாரணை.

இப்படி ஒவ்வொன்றாக விலகிய பிறகும் காண்டின் வாதம் நிற்கிறது. சிலர் சாகத் தகுந்தவர்கள் என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்வோம். அவர்கள் யார் என்று பிரித்தெடுக்கும் வேலையை யாரிடமாவது கொடுக்க வேண்டும். கொடுத்திருக்கிறோம், நீதிமன்றத்திடம். அந்த வேலை எப்படி நடந்திருக்கிறது என்று பார்க்காமல் மரண தண்டனையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

1980 மே மாதம் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், மரண தண்டனை அரசியல் சாசனப்படி செல்லும் என்றது. கூடவே ஒரு கட்டுப்பாடும் விதித்தது: ஆயுள் தண்டனைதான் விதி, மரணம் விலக்கு, அதுவும் "அரிதினும் அரிதான" வழக்குகளில், வேறு வழியே இல்லை என்னும்போது மட்டும். குற்றத்தை மட்டும் பார்த்தால் போதாது, குற்றவாளியின் வயது, பின்னணி, திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எதிர்த்துத் தீர்ப்பெழுதிய பி.என். பகவதி, எந்த நீதிபதிகள் அமர்வில் உட்காருகிறார்கள் என்பதைப் பொறுத்தே ஒருவர் சாவதும் பிழைப்பதும் அமையும் என்று எச்சரித்தார்.

அவர் காரணம் இல்லாமல் சொல்லவில்லை. உத்தரப் பிரதேசத்தில் நான்கு பேரைக் கொன்ற வழக்கு ஒன்று. ஜீதா சிங், காஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என மூவருக்கும் 1975இல் செஷன்ஸ் நீதிமன்றம் தூக்கு விதித்தது. அதே குற்றம், அதே சாட்சியம், ஒரே மாதிரியான பங்கு. உயர் நீதிமன்றமும் மூவரின் தண்டனையையும் உறுதி செய்தது. பிறகு மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றம் போனார்கள். 1976இல் ஜீதா சிங்கின் மனுவை ஓர் அமர்வு தள்ளுபடி செய்தது. 1977இல் காஷ்மீரா சிங்கின் மனுவை வேறோர் அமர்வு விசாரித்து, தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 1978இல் ஹர்பன்ஸ் சிங்கின் மனு மூன்றாவது அமர்வுக்குப் போய்த் தள்ளுபடியானது. காஷ்மீராவுக்குத் தண்டனை குறைக்கப்பட்டது கணக்கில் வரவே இல்லை. ஜீதா, ஹர்பன்ஸ் இருவருக்கும் 1981 அக்டோபர் 6 என்று நாள் குறித்தாகிவிட்டது. ஹர்பன்ஸ் மீண்டும் ஒரு ரிட் மனு போட்டார், தடை கிடைத்தது. ஜீதா சிங் போடவில்லை. குறித்த நாளில் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1982 பிப்ரவரியில் ஹர்பன்ஸின் மனுவை விசாரித்த நீதிமன்றம், காஷ்மீராவுக்கு ஒரு நீதி ஹர்பன்ஸுக்கு ஒரு நீதி கூடாது என்று கருதி, அவர் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. ஒரே குற்றத்துக்கு ஒருவர் ஆயுள் கைதி, ஒருவர் கடைசி நேரத்தில் தப்பியவர், ஒருவர் பிணம். மூவரில் யார் "சாகத் தகுந்தவர்" என்ற கேள்விக்கு இந்த வழக்கில் விடை எங்கே இருக்கிறது?

பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 1995 டிசம்பரில் ராவ்ஜி என்பவரின் வழக்கில், குற்றத்தின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும், குற்றவாளியைப் பார்க்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் எழுதியது. இது பச்சன் சிங் தீர்ப்புக்கு நேர்மாறு. 1996 மே மாதம் ராவ்ஜியைத் தூக்கிலிட்டார்கள். அந்தத் தீர்ப்பை முன்னுதாரணமாக வைத்து மேலும் பல தூக்குகள் உறுதி செய்யப்பட்டன. 2009இல் அதே நீதிமன்றம் பரியார் வழக்கில், ராவ்ஜி தீர்ப்பு சட்டத்தைக் கவனிக்காமல் எழுதப்பட்டது என்று ஒப்புக்கொண்டது. 2012இல் ஓய்வுபெற்ற பதினான்கு நீதிபதிகள், தவறான சட்டத்தின் அடிப்படையில் தூக்கு விதிக்கப்பட்டவர்களின் தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் குடியரசுத் தலைவருக்கு எழுதினார்கள். உயிரோடு இருந்தவர்களுக்கு அது உதவலாம்.

விசாரணை நீதிமன்றங்களின் நிலை இன்னும் மோசம். டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000க்குப் பிந்தைய சுமார் பதினைந்து ஆண்டுகளில் கீழ் நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளில் மேல்முறையீடுகளைக் கடந்து நின்றவை நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. தூக்குக் கைதிகளில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வறியவர்கள். இதில் வியப்பு எதுவும் இல்லை. நல்ல வழக்கறிஞர் வைத்துக்கொள்ள முடிந்தவனின் குழந்தைப் பருவம், மனநிலை, திருந்தும் வாய்ப்பு எல்லாம் நீதிமன்றத்தின் முன் வரும். இலவச சட்ட உதவியில் வந்தவனுக்கு "ஏழை, வயதான பெற்றோர் உண்டு" என்று இரண்டு வரி. குற்றவாளி என்று தீர்ப்பான அன்றோ மறுநாளோ தண்டனை வாதம் நடந்து முடிந்துவிடும் வழக்குகளும் உண்டு. 2022இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சீர்செய்ய விரிவான வழிமுறைகள் கொடுத்தது. நல்லதுதான். ஆனால் அதற்கு முன் நாற்பதாண்டுகள் ஓடியிருந்தன.

பிழையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இங்கிலாந்தின் திமத்தி எவன்ஸைச் சொல்வார்கள். தன் மகளைக் கொன்றதாக 1950இல் தூக்கிலிடப்பட்டவர். அதே வீட்டில் குடியிருந்த தொடர் கொலைகாரர் பிறகு பிடிபட, 1966இல் எவன்ஸுக்கு மன்னிப்பு வழங்கினார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் 2003இல் நடந்த ஒரு கொள்ளைக் கொலை வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு விசாரணை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூவருக்கு மட்டும் அதை உறுதி செய்து, மற்ற மூவருக்கு ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அந்த மூவருக்கும் சேர்த்து, ஆறு பேருக்குமே தூக்கு என்றது. பிறகு அவர்களில் ஒருவர் சம்பவத்தின்போது சிறுவர் என்று தெரிந்தது. 2019 மார்ச்சில் அதே உச்ச நீதிமன்றம் வழக்கை மீண்டும் கேட்டு, ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. கண்ணால் கண்ட சாட்சி, போலீஸ் காட்டிய புகைப்படத் தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அந்த நால்வரை யாரும் விசாரிக்கவே இல்லை. தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு.

சிறையில் போன வருடங்களும் திரும்பி வராதே என்று ஆதரவாளர்கள் கேட்பார்கள். வராது. ஆனால் 2009க்கும் 2019க்கும் இடையில் அந்த ஆறு பேர் உயிரோடு இருந்ததால்தான் நீதிமன்றத்தால் தன் பிழையைப் பார்க்க முடிந்தது. செத்தவனுக்காக மறுசீராய்வு மனு போட யாரும் வருவதில்லை. வந்தாலும் கேட்க ஆளில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பங்களைப் பற்றி ஒழிப்புத் தரப்பு அதிகம் பேசுவதில்லை என்ற குற்றச்சாட்டு நியாயமானது. டெல்லி மாணவியின் பெற்றோர் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீதிமன்ற வாசல்களில் நின்றார்கள். ஒவ்வொரு முறை நாள் குறிக்கப்பட்டுத் தள்ளிப்போனபோதும் அவர்களுக்கு அது புதிய காயம். இந்த இழுபறியின் பெரும்பகுதி மரண தண்டனை என்பதாலேயே வந்தது. சீராய்வு, கருணை மனு, கருணை மனு நிராகரிப்பை எதிர்த்து வழக்கு என்று உயிர் போகும் வழக்கில் எல்லாப் படிகளையும் ஏறித்தான் ஆக வேண்டும், ஏறவிடவும் வேண்டும். குடும்பங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசுவதும் இல்லை. ராஜீவ் கொலை வழக்கில் நளினிக்கு விதித்த தூக்கைக் குறைக்கலாம் என்று ராஜீவின் மனைவி சோனியா காந்தி கருதினார். ராஜீவோடு அன்று இறந்தவர்களின் குடும்பத்தினரில் சிலர், விடுதலைப் பேச்சு வந்தபோது கொதித்தெழுந்து எதிர்த்தார்கள். இருவரின் துயரமும் உண்மை. எதைக் கேட்டுத் தண்டனையை முடிவு செய்வது?

கடைசியாகப் பயங்கரவாதம். சட்டத் திருத்தங்கள் பற்றி அரசுக்கு ஆலோசனை சொல்லும் சட்ட ஆணையம் 1967இல், இந்தியாவின் பரப்பையும் வேற்றுமைகளையும் காட்டி, ஒழிப்புச் சோதனையில் இறங்க இது நேரமல்ல என்றது. 2015இல் ஏ.பி. ஷா தலைமையிலான ஆணையம் அந்த நிலையிலிருந்து மாறி, பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பதும் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் எடுத்துவிடலாம் என்றது. இந்த விலக்குக்கு ஒரு வலுவான காரணம் உண்டு. 1999இல் ஆப்கானிஸ்தானின் காந்தஹாருக்கு இந்திய விமானத்தைக் கடத்திப் போனவர்கள் சிறையில் இருந்த தீவிரவாதிகளை மீட்டுக்கொண்டு போனார்கள். உயிரோடு இருக்கும் கைதி அடுத்த கடத்தலுக்குத் தூண்டில் ஆகலாம். சாவதற்கென்றே வருகிறவனைக் கயிறு பயமுறுத்தாது என்ற பதில் இதற்குப் போதாது, ஏனென்றால் இது அச்சத்தைப் பற்றிய வாதமே அல்ல. ஆனால் காந்தஹாரில் கைமாறியவர்களில் யாரும் தூக்குக்கு உரியவர் என்று தீர்ப்பாகி இருக்கவில்லை. விசாரணைக் கைதிகளுக்காகவும் கடத்தல் நடக்கும் என்னும்போது, கயிறு அந்த ஓட்டையை எப்படி அடைக்கும்?

எனக்கு அந்த விலக்கோடு பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பயங்கரவாத வழக்குகளில்தான் கோபம் உச்சத்தில் இருக்கும், சாட்சிய விதிகள் தளர்த்தப்பட்டிருக்கும். சாதாரணக் கொலை வழக்கில் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 1995 வரை நடைமுறையில் இருந்த தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது செல்லுபடியானது. ராஜீவ் கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. பத்தொன்பது பேர் கொலைக் குற்றத்திலிருந்து விடுபட்டார்கள். இது தடாவின் கீழ் வரும் பயங்கரவாதச் செயலே அல்ல என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆனாலும் தடாவின் கீழ் எடுத்த வாக்குமூலங்கள் கொலைக் குற்றத்துக்குச் சாட்சியமாக நின்றன. பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன் மேல் இருந்த முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தது. அவை எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதை வாக்குமூலத்தில் சேர்க்காமல் விட்டுவிட்டதாக, அதைப் பதிவு செய்த அதிகாரியே ஓய்வுக்குப் பிறகு 2013இல் சொன்னார். 2014இல் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. குற்றமற்றவர் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, அதை நான் மிகைப்படுத்தவும் விரும்பவில்லை. ஆனால் 2011 செப்டம்பர் 9 என்று அவருக்குக் குறித்த தூக்கு நாளைச் சென்னை உயர் நீதிமன்றம் நிறுத்தாமல் போயிருந்தால், அந்த அதிகாரியின் பேச்சு அவருக்கு எந்த வகையிலும் உதவியிருக்காது. சட்ட ஆணையம் மரண தண்டனையை விட்டுவைத்திருப்பது இத்தகைய வழக்குகளுக்குத்தான்.